இடப்பக்கச் சுற்று

“காடிக்கு யாரு மேலப்பா கோவம்?”

மகள் செலின் அப்படித்தான் கேட்டாள். அந்த ஊர்ப் பேச்சில் கார் என்றால் காடி. சர்வீஸுக்குப் போயிருந்த அம்மாவின் கார் அன்று மாலைதான் வீடு திரும்பியிருந்தது. முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பெட்டியின் திரை எப்போதும் பச்சையாக விழிக்கும். அன்று சாம்பல் பூத்துக் கிடந்தது. இந்தக் காரை அடையாளம் தெரியவில்லை என்று ஒரே ஒரு வரி. பின்சீட்டில் முழங்கால் போட்டு நின்று, எழுத்துக் கூட்டி அதை வாசித்துவிட்டுத்தான் கேட்டாள்.

சவரிநாதன் சிரித்தான். அன்றைக்கு அவனால் சிரிக்க முடிந்தது.

“கோவமெல்லாம் இல்லடா. சர்வீஸ்ல காடிக்குப் புதுப் பாடம் சொல்லிக் குடுத்து அனுப்பிட்டாங்க. நம்ம பெட்டிக்கு அது புரியல.”

“அப்ப பெட்டி பொய் சொல்லலயே. தெரியலன்னு உண்மையத்தானே சொல்லுது?”

“ஆமா. அது நல்ல பெட்டி.”

“நீங்க சொல்லிக் குடுத்துடுவீங்கதானே?”

“நாளைக்கே.”

நாளை வந்தது, போனது. தைப்பிங்கில் மழையும் வந்து வந்து போனது. பெட்டி மட்டும் தெரியவில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த ஊருக்கு இந்தப் பெட்டியை முதலில் கொண்டுவந்தவன் சவரிநாதன்தான். அதுவரை கார்க் கண்ணாடிக்குக் கறுப்பு ஒட்டுவதும் பாட்டுப் பெட்டி மாட்டுவதுமாக இருந்த கடை அது. கீழே கடை, மேலே வீடு. உள்ளங்கை அகலத்தில் இருக்கும் இந்தப் பெட்டி கார் கம்பெனி கொடுப்பதல்ல. இவனைப் போன்றவர்கள் பின்னால் பொருத்துவது. சாலைக் கோட்டைப் பார்த்து ஸ்டீயரிங்கை நேராகப் பிடிக்கும். முன்னால் போகிற வண்டியை ஒட்டாமல் தள்ளி வரும். அதற்காக ஓட்டுகிறவர் தூங்கிவிட முடியாது. கண் சாலையில் இருக்க வேண்டும், கை தயாராக இருக்க வேண்டும். களைத்தவருக்குச் சாய ஒரு தோள், அவ்வளவுதான்.

அந்தத் தோள் பிலோமினாவுக்கு வேண்டியிருந்தது. ஈப்போவில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்தம் செய்யும் நிலையத்தில் அவள் நர்ஸ். ஆள் பற்றாக்குறையில் இரண்டு ஷிப்டு சேர்த்துப் பார்த்துவிட்டு மலைப்பாதையிலும் குகைப்பாதையிலும் ஓட்டி வர வேண்டும். “நீ பயப்படாத பிலோ, நான் கூட வர்ற மாதிரின்னு நெனச்சுக்க” என்று சொல்லித்தான் அவன் அந்தப் பெட்டியை மாட்டினான்.

கார் சர்வீஸுக்குப் போவதற்கு முன்பு பெட்டியைக் கழற்றி வைப்பதும், திரும்பியதும் மாட்டிக்கொள்வதும் வழக்கம். கம்பெனிக்காரன் கண்ணில் கார் பிறந்த மேனியாக இருக்க வேண்டும். இந்த முறை கழற்றி மாட்டியது போதவில்லை. காரின் மென்பொருளையே மாற்றி அனுப்பியிருந்தார்கள். அந்த மாடல் கார் எல்லாவற்றிலும் அதே கதை. சர்வீஸுக்குப் போன கார் ஒவ்வொன்றும் பெட்டிக்கு அந்நியமாகித் திரும்பியது. வாடிக்கையாளர்கள் சவரிநாதன் கடைக்கு முன்னால் நிறுத்தி ஹார்ன் அடித்தார்கள். அவன் மடிக்கணினியும் வயருமாக ஒவ்வொரு காருக்குள்ளும் குனிந்து உட்கார்ந்தான். காரின் புதுப் பெயரைப் பெட்டிக்கு எழுதிக் கொடுத்தான். பெட்டி பெயரைச் சொன்னது, ஸ்டீயரிங் அசையவில்லை.

எதிர்ச்சாரியில் யுஸ்ரியின் கடை. அவனும் கறுப்பு ஒட்டுகிறவன்தான். பெட்டி வேலையைச் சவரிநாதனைப் பார்த்துத்தான் தொடங்கினான். வயசில் கொஞ்சம் இளையவன், இடக்கைக்காரன், எந்நேரமும் எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பவன். மலாயில் பேசினாலும் சவரிநாதனை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவான்.

அந்த யுஸ்ரி கண்டுபிடித்துவிட்டான்.

நாடு முழுக்க உள்ள பெட்டிக்காரர்களுக்குப் போனில் ஒரு குழு உண்டு. ஒரு காலையில் அதில் யுஸ்ரியின் பெயருக்குக் கீழே கைதட்டல் படங்கள் வரிசையாக விழுந்தபடி இருந்தன. ஜோகூர்க்காரன் தட்டினான், கிளந்தான்காரன் தட்டினான். ‘வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று தான் எழுதிய மென்பொருள் மாற்றத்தை எல்லோருக்கும் பொதுவாகப் போட்டிருந்தான் யுஸ்ரி. சவரிநாதன் போனைக் கவிழ்த்து வைத்தான். ஒரு வாய் கோப்பி குடித்தான். மறுபடி நிமிர்த்திப் பார்த்தான். இன்னும் இரண்டு பேர் தட்டியிருந்தார்கள்.

அதை எடுத்துப் போட்டால் வேலை முடிந்துவிடும். அதுதான் அவனுக்கு ஆகவில்லை. ‘எங்கிட்டப் பாத்துக் கத்துக்கிட்டவன்கிட்ட நான் போய் எடுக்கவா?’ என்று மனசு முறுக்கிக்கொண்டது. தானே கண்டுபிடிப்பது என்று முடிவு செய்தான்.

எதிர்க்கடை பக்கம் பார்க்கவே கூடாது என்று நாற்காலியைத் திருப்பிப் போட்டான். அப்போது சுவரில் மாட்டியிருந்த ஆளுயரக் கண்ணாடியில் அதே கடை தெரிந்தது. கண்ணாடிக்குள் யுஸ்ரி ஒரு காரின் கதவைத் தட்டி அனுப்பிவைத்தான். அது சவரிநாதன் பெட்டி மாட்டிக்கொடுத்த கார். ஹெங் தவ்கேயின் கார்.

இரும்புச் சாமான் கடை முதலாளி ஹெங் தவ்கேக்கு மனசில் எதையும் வைத்திருக்கத் தெரியாது. சாலையைக் கடந்து வந்து, “நாதன், கோவிச்சுக்காத லா. உங்கிட்டக் கேட்டேன், நாளைக்கின்னே. மறுநாளும் கேட்டேன், நாளைக்கின்னே. உன் கடையில நாளைக்கு ரொம்ப நிறைய இருக்கு” என்றார்.

“அவசரத்துல செய்யிற வேலை நிக்காது தவ்கே.”

“நிக்குதோ ஓடுதோ, என் காடி இப்ப நேரா ஓடுது. அந்தாளு நோன்பு வாயோட செஞ்சான். ஒரு தண்ணி குடுக்கக்கூட வழியில்ல, பாவம்.”

அந்த வருஷம் முஸ்லிம்களின் நோன்பும் சவரிநாதன் வீட்டுத் தவக்காலமும் ஒரே சமயத்தில் வந்திருந்தன. இவன் இறைச்சியை ஒதுக்கியிருந்தான். அவன் பகலெல்லாம் பச்சைத் தண்ணீர் படாமல் இருந்தான். அதிலும் அவனே ஒரு படி மேலே நிற்பதாகச் சவரிநாதனுக்குப் பட்டது. பட்ட உடனே கூச்சமாகவும் இருந்தது. ‘ஆண்டவரே, இது என்ன நெனப்பு’ என்று நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். ஆனாலும் அந்த நினைப்பு போகவில்லை.

கல்லாவுக்கு மேல் ஆணியில் யுஸ்ரி கடையின் மாற்றுச் சாவி தொங்கியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு யுஸ்ரி போகும்போது அவன் கடைக்கு இவன் காவல். இவர்கள் பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் கோயிலுக்குப் போகும்போது இந்தக் கடைக்கு அவன் காவல். கறுப்பு ஒட்டிய காலத்திலிருந்து அப்படித்தான். இந்த மனஸ்தாபத்தில் யுஸ்ரி சாவியைத் திருப்பிக் கேட்பான் என்று சவரிநாதன் எதிர்பார்த்தான். கேட்டிருந்தால் நிம்மதியாகக் கூட இருந்திருக்கும். அவன் கேட்கவில்லை.

ஒரு நாள் பிலோமினா வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“என்ன பிலோ?”

“ஒண்ணுமில்ல. கால் எழும்பல.”

அவன் கங்கோங் கீரையை வதக்கி, நெத்திலிச் சம்பலோடு சோறு போட்டுக் கொடுத்தான். செலின் அம்மாவின் முதுகைப் பிடித்துவிட்டாள். சோற்றைப் பிசைந்துகொண்டே பிலோமினா மெதுவாகக் கேட்டாள்.

“யுஸ்ரி எதோ குழுவுல போட்டிருக்காராமே. எல்லாருக்கும் வேல செய்யுதாமே.”

“யாரு சொன்னா?”

“ஹெங் தவ்கே வைஃப். நம்ம காடிக்கும் அதப் போட்டுடுங்களேன்.”

“என் பொண்டாட்டி காடிக்கு நான் செஞ்சாத்தான் மரியாத.”

“மரியாதயா?” பிலோமினா கையை உதறினாள். “குகைப்பாதைக்கிட்ட கண்ணு சொக்கும்போது மரியாதயா வந்து ஸ்டீயரிங் புடிக்கும்?”

“இன்னும் ரெண்டு நாளு குடு.”

“உங்களுக்கு என்ன அவர் மேல?”

“எனக்கென்ன? ஒண்ணுமில்ல.”

“முந்தியெல்லாம் அவர் வீட்டுலேர்ந்து குவே பலகாரம் வந்தா தட்டு காலியாறதுக்குள்ள சண்ட போடுவீங்க. இப்ப முந்தாநேத்து வந்தது அப்படியே இருக்கு. எறும்பு தின்னுது.”

“வயிறு சரியில்ல.”

அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். செலின் மட்டும் அப்பாவை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த வாரம் அந்த அதிசயம் நடந்தது. செவ்வாய்க்கிழமை மாலை வேலையிலிருந்து வந்த பிலோமினாவின் காருக்குள் அவன் தலையை நீட்டியபோது பெட்டி பச்சையாக விழித்திருந்தது. திங்களன்றும் அவன் ஏதோ ஒரு மாற்றம் எழுதிப் போட்டிருந்தான். அதுதான் பலித்துவிட்டது!

“பிலோ! புடிச்சிச்சா? ஸ்டீயரிங் புடிச்சிச்சா?”

“ம். நேத்து மாதிரி இல்ல. புடிச்சிச்சு.” அவள் சாப்பாட்டுப் பையைத் தேடுவது போலக் குனிந்துகொண்டாள்.

அவன் செலினைத் தூக்கிச் சுற்றினான். கோப்பிக் கடைக்குப் போய் ஹெங் தவ்கேயிடம் சத்தமாகச் சொன்னான். “யாரோட மாத்தமும் வேணாம் தவ்கே. நானே எழுதிட்டேன். உங்க காடியக் கொண்டாங்க, அதவிட நல்லதாப் போட்டுத் தரேன்.” பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். எவ்வளவோ நாளைக்குப் பிறகு கோப்பி இனித்தது.

வீட்டுக்கு வந்து, தன் மாற்றத்தைப் படி எடுத்து வைத்துக்கொள்ளப் பெட்டியின் பின்னால் வயரைத் தேடினான். கண்ணாடிக்கு மேலே, பெட்டியும் காரும் சேரும் இடத்தில், வயரைத் துணி டேப்பால் சுற்றி மூடுவது அவன் பழக்கம். விரலிடை விரலிடையாக ஒரு முறுக்குக் கொடுத்துச் சுற்றுவான். அந்தச் சுற்றைப் பார்த்தாலே அது சவரிநாதன் வேலை என்று மற்றக் கடைக்காரர்களுக்குத் தெரியும். இப்போதும் அதே சுற்று, அதே முறுக்கு. ஆனால் டேப் புதுசு. தடவியபோது விரல் தடுக்கியது. முறுக்கு இடப்பக்கமாகப் போயிருந்தது.

அந்தத் தெருவில் இடக்கையால் டேப் சுற்றுகிறவன் ஒருவன்தான்.

சவரிநாதன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். மழை கூரையைத் தட்டியது. கோப்பிக் கடையில் உயர்ந்த கட்டைவிரல் நினைவுக்கு வந்து காது சுட்டது. என் வீட்டுக் காருக்குள் வந்திருக்கிறான். என் பெண்டாட்டி கூட்டிப் போயிருக்கிறாள். என்னைப் போலவே சுற்றி, என்னை முட்டாளாக்கியிருக்கிறான். இரண்டு பேரும் சிரித்திருப்பார்களோ? அவன் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சுற்றியிருப்பான்.

பிலோமினாவிடம் அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும். பதில் வந்தால் இந்தக் கோபத்தை வைத்துக்கொள்ள முடியாமல் போய்விடும் என்று அவனுக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை பிலோமினா இரவு வேலை முடித்து வந்து அசந்து தூங்கினாள். வயர் வாங்க அவள் காரையே எடுத்துக்கொண்டு கமுந்திங் பக்கம் போனான். திரும்பும்போது வானம் உடைந்துகொண்டது. எதிரே வரும் லாரி புகை மாதிரிதான் தெரிந்தது. தண்ணீர் துடைப்பானை முழு வேகத்தில் விட்டான். யுஸ்ரியின் வேலை எப்படியிருக்கிறது பார்ப்போம் என்று ஸ்டீயரிங்கைப் பெட்டியிடம் விட்டுக் கையைச் சற்றுத் தளர்த்தினான்.

கார் மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது. வெள்ளைக் கோட்டைத் தாண்டியது. சக்கரம் சேற்றோரத்தைத் தொட்டது. பெட்டி பச்சையாகவே இருந்தது. ஒரு பீப் சத்தம் இல்லை.

அவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பினான். மறுபடி சோதித்தான். துடைப்பானைக் குறைத்தால் பெட்டி பிடித்தது. முழு வேகத்தில் விட்டால் ஸ்டீயரிங் தளர்ந்தது. திரையில் மட்டும் பச்சை.

அவனுக்குப் புரிந்துவிட்டது. புது மென்பொருளில் ஒரு வழக்கம் வந்திருக்கிறது. துடைப்பான் முழு வேகத்தில் ஓடினால், காரின் சொந்தக் கேமராக் கண் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சொல்லி ஸ்டீயரிங்கை விட்டுவிடும். அந்தச் சொல் யுஸ்ரியின் மாற்றத்தின் காதில் விழவில்லை. எனவே பெட்டி, தான் பிடித்திருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது.

சாலையோரத்தில் நிறுத்தினான். முதலில் வந்தது பயமில்லை. கேட்டால் வெட்கப்பட வேண்டும்; வந்தது ஆனந்தம். வெயிலில் அலைந்தவனுக்கு ஐஸ் காச்சாங் இறங்கியது போல வயிற்றில் ஒரு குளிர்ச்சி. “மாட்டுனியா யுஸ்ரி” என்று வாய்விட்டே சொன்னான். கைதட்டியவர்கள் எல்லாரும் இப்போது மழையில் ஓட்டட்டும். ஜோகூர்க்காரன் ஓட்டட்டும், ஹெங் தவ்கே ஓட்டட்டும். அவர்களே கண்டுபிடித்துக் குழுவில் வந்து கத்தட்டும். நான் ஏன் சொல்ல வேண்டும்?

அன்று மாலையே தன் மேசையில் உட்கார்ந்து அதைத் திருத்தினான். காரின் அந்தச் சொல் வந்தால் பெட்டி மஞ்சளாகி, பீப் அடித்து, நீயே பிடி என்று ஓட்டுகிறவரிடம் ஒப்படைத்துவிடும். சின்ன வேலை. முன்பு எத்தனையோ நாள் முட்டியும் வராதது அன்று கையில் தானாக வந்தது. யுஸ்ரி திறந்துவைத்த கதவு வழியாக வந்ததால்தான் வந்தது என்பதை அவன் நினைக்காமல் தள்ளிவிட்டான். மறுநாள் காலை மழையிலேயே ஓட்டிப் பார்த்தான். அவன் மனைவியின் கார் இப்போது ஊரிலேயே யோக்கியமான கார்.

ஆனால் முந்தின இரவு ஜெபமாலை சொல்லும்போது, மன்னிப்பு வரும் இடத்தில் நாக்கு நின்றுவிட்டது. பிலோமினாவும் செலினும் அவன் தொடர்வதற்காகக் காத்திருந்தார்கள். இருமுவது போல இருமிவிட்டுத் தொடர்ந்தான்.

வெள்ளிக்கிழமை. யுஸ்ரி கடையின் தகரப் பந்தலுக்குக் கீழே ஒரு வெள்ளிநிறக் கார் நின்றது. ரோஹானா டீச்சருடையது. செலினுடைய பள்ளியில் மலாய் சொல்லிக் கொடுப்பவர். காலையில் அவர் எதிர்ச்சாரியில் நின்று சத்தமாகச் சொன்னது இங்கே கேட்டது.

“யுஸ்ரி, தொழுகைக்குப் போறதுக்குள்ள முடிச்சு வச்சிடுப்பா. குவாலா கங்சார்ல அம்மாகூட நோன்பு தொறக்கணும். நீ வர்ற வரைக்கும் நிக்க மாட்டேன், ரெண்டாவது சாவி கையில இருக்கு. எடுத்துட்டுப் போயிடுவேன்.”

“போங்க டீச்சர், போங்க. முடிச்சு வைக்கிறேன்” என்றான் யுஸ்ரி.

அந்தக் காருக்கும் பெட்டி மாட்டிக் கொடுத்தவன் சவரிநாதன்தான். டீச்சர் இந்தப் பக்கம் பார்த்துக் கையசைத்தார். அவனும் பதிலுக்கு அசைத்தான். அசைத்த கை கனத்தது.

மத்தியானம் பிலோமினா மீன் குழம்பு வைத்திருந்தாள். அவளுக்கு விடுப்பு நாள். செலின் பள்ளி விட்டு வந்து சாப்பிட்டுவிட்டு, உள்ளறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் பாங்கு எழுந்தது. எதிரே யுஸ்ரி உடை மாற்றி, கடையை இழுத்துச் சாத்தி, வழக்கம்போல இந்தப் பக்கம் பார்த்து, “அண்ணே, பாத்துக்குங்க” என்று குரல் கொடுத்துவிட்டுப் போனான். இத்தனை நாளும் அந்தக் குரல் நிற்கவில்லை. சவரிநாதன்தான் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தான்.

மீனை உதிர்த்துக்கொண்டே அவன் கேட்டுவிட்டான். எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

“டேப்ப யாரு சுத்துனது?”

பிலோமினா குழம்புக் கரண்டியை வைத்தாள்.

“தெரிஞ்சு போச்சா?”

“இடக்கைச் சுத்து.”

“அவருக்கு அது வராதுன்னுதான் நெனச்சேன். ரெண்டு மூணு தடவ பிரிச்சுப் பிரிச்சுச் சுத்துனாரு.” அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். “கத்தாதீங்க. உள்ள புள்ள இருக்கு. செவ்வாக்கெழம வரும்போது குகைப்பாதை தாண்டி எறக்கத்துல கண்ணு மூடிடுச்சுங்க. எவ்வளவு நேரம்னு தெரியல. தடுப்புக் கம்பில ஒரசி, அந்தச் சத்தத்துல முழிச்சேன்.”

“எந்த...”

“இடப்பக்கக் கண்ணாடி. நீங்க பாக்கல. நீங்க அப்ப எந்நேரமும் எதிர்க்கடையத்தான பாத்துட்டிருந்தீங்க.”

அவன் கையில் மீன் அப்படியே இருந்தது.

“நேரா அவர் கடைக்குத்தான் போனேன். நீங்க கடையில இல்ல, வயர் வாங்கப் போயிருந்தீங்க. ஒக்கார வச்சாரு. அவருக்கு நோன்பு, எனக்கு மட்டும் குடிக்கச் சூடா தே ஓ வாங்கிக் குடுத்தாரு. ஒரசின கண்ணாடிய அவரே தேச்சு, சாயம் வச்சாரு. அப்புறம் பெட்டிக்குள்ள அவரோடத போட்டாரு. நான் காசு எடுத்தேன். வேணாம்னுட்டாரு.”

“என்னப் பத்தி என்ன சொன்னான்?”

“அதான் கேப்பீங்க.” பிலோமினாவின் குரல் தளர்ந்தது. “‘அக்கா, அண்ணன் ராத்திரியெல்லாம் ஒக்காந்து எழுதறாரு, எங்க வீட்டு ஜன்னல்ல வெளிச்சம் தெரியுது. இன்னும் ரெண்டு நாள்ல அவரே கண்டுபிடிச்சிடுவாரு. அதுவரைக்கும் நீங்க பத்திரமா ஓட்டணும். நான் போட்டேன்னு சொல்லாதீங்க, அவரோடதே பலிச்சதா இருக்கட்டும்’னாரு. அதுக்குத்தான் உங்கள மாதிரியே சுத்துனாரு. நாக்கு வறண்டு போயி, ஒதடு வெடிச்சு, அந்த வெயில்ல தலையக் கவுத்துக்கிட்டு சுத்துனாருங்க.”

“மழையில அந்தக் காடிய ஓட்டுனியா நீ?”

“மழையில நான் எப்பவும் பெட்டிய நம்பி விடறதில்ல. கையாலதான் ஓட்டுவேன். ஏன்?”

“சும்மா கேட்டேன்.”

அவன் எழுந்து கை கழுவினான். குழாயை மூட மறந்து நின்றான். பிலோமினா வந்து மூடினாள். அவன் தோளில் ஒரு கணம் கையை வைத்துவிட்டு உள்ளே போனாள். செலின் பக்கத்தில் படுத்தவள் அப்படியே தூங்கிவிட்டாள்.

கீழே வந்தான். வானம் மாக்ஸ்வெல் மலைப் பக்கத்திலிருந்து கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது. காற்றில் ஈர மண் வாசம். வெள்ளிநிறக் கார் பந்தலுக்குக் கீழே கழுவித் துடைத்து நின்றது. முடித்து வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறான். இன்னும் சற்று நேரத்தில் டீச்சர் வந்து எடுத்துக்கொண்டு இந்த மழைக்குள் மலை ஏறுவார். பச்சை விளக்கை நம்பிக் கையைத் தளர்த்துவார். பிலோமினா கம்பியில் உரசியதும் அதே நெடுஞ்சாலையில்தான்.

போனை எடுத்து யுஸ்ரியைக் கூப்பிட்டான். எதிர்க்கடைக்குள் ஏதோ மேசை இழுப்பறையிலிருந்து மணி அடித்தது. தொழுகைக்குப் போகிறவன் போனை வைத்துவிட்டுத்தான் போவான். டீச்சரின் எண் அவனிடம் இல்லை. அவரிடம் நேரில் சொல்லலாம்: ‘யுஸ்ரி வேலையில் தப்பு இருக்கு, நான் சரிபண்ணித் தரேன்.’ அந்த வாக்கியம் எவ்வளவு ருசியாக வாய்க்கு வந்தது என்பதை அவன் கவனித்தான். இத்தனை நாள் அவன் பசித்துக் கிடந்தது அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான்.

ஆணியிலிருந்து சாவியை எடுத்தான். கறுப்புத் துணி டேப் ஒன்று, மடிக்கணினி. சாலையில் ஒருவருமில்லை. ஆண்கள் பள்ளிவாசலில், மற்றவர்கள் மழைக்கு உள்ளே. யுஸ்ரி கடையின் கதவை ஆள் நுழையும் உயரத்துக்குத் தூக்கிக் குனிந்து போனான்.

கடை இருட்டாக, சுத்தமாக இருந்தது. மூலையில் மடித்த தொழுகைப் பாய், மேசையில் நோன்பு திறக்க ஒரு பொட்டலம் பேரீச்சம்பழம். பலகையில் டீச்சர் காரின் சாவி. யுஸ்ரியின் கணினி எப்போதும் போலத் திறந்தே கிடந்தது. இந்த ஊரிலும் மற்ற ஊர்களிலும் அவன் மாற்றத்தைப் போட்ட பெட்டிகள் எல்லாம் இரவில் வீட்டு வைஃபையில் நின்றபடி அவன் கணக்கிலிருந்துதான் புதுசை எடுத்துக்கொள்ளும். சவரிநாதன் தன் திருத்தத்தை அதில் சேர்த்தான். எழுதியவர் பெயர் கேட்கும் இடத்தில் யுஸ்ரியின் பெயர் ஏற்கெனவே நின்றது. அதைத் தொடவில்லை. இன்று இரவு ஜோகூரிலும் கிளந்தானிலும் அந்தப் பெயரில்தான் போகும். கைதட்டினால் அந்தப் பெயருக்குத்தான் தட்டுவார்கள்.

யுஸ்ரிக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்காகத் துடைப்பான் பற்றிய அந்த இடத்தைத் திரையில் திறந்தே வைத்தான். அவன் வேலை தெரிந்தவன். பார்த்த உடனே புரிந்துகொள்வான், தானே மழையில் ஓட்டியும் பார்ப்பான்.

பிறகு காருக்குள் போனான். டீச்சர் இரவுக்கு முன்பே கிளம்பிவிடுவார், வைஃபைக்குக் காத்திருக்க முடியாது. மடிக்கணினியை நேரடியாகச் செருக வேண்டும். கண்ணாடிக்கு மேலே யுஸ்ரியின் டேப்பைக் கத்தியால் கீறிப் பிரித்தான். திருத்தத்தை ஏற்றினான். கார் நிற்கும்போதே துடைப்பானை முழு வேகத்துக்கு விட்டான். பெட்டி ஒரு கணம் யோசித்தது. மஞ்சளாகிப் பீப் அடித்தது. நீயே பிடி.

“நல்ல பெட்டி” என்றான்.

இனி டேப். யுஸ்ரியின் வழக்கம் வேறு. முறுக்கே கிடையாது, நெருக்கமாக, வழுவழுப்பாக, இடப்பக்கம் சுற்றிக் கடைசியில் நுனியை உள்ளே மடித்துவிடுவான். சவரிநாதன் வலக்கையால் முயன்றான். பழக்கத்தில் முறுக்கு விழுந்தது. பிரித்தான். இடக்கைக்கு மாற்றினான். டேப் விரலில் ஒட்டியது, மடிந்தது, கோணலாகப் போனது. மறுபடி பிரித்தான். ஒலிபெருக்கியில் இமாமின் குரல் பிரசங்கத்தை முடித்துத் தொழுகைக்கு மாறியது. பந்தல் தகரத்தில் முதல் பெருந்துளிகள் விழுந்தன. கழுத்து வலித்தது. தலையைக் கவிழ்த்துக்கொண்டு, உதடு வெடித்து, என்று பிலோமினா சொன்னது காதில் இருந்தது. இதே கோணத்தில்தான் அவனும் உட்கார்ந்திருப்பான். அந்த நேரத்தில் அவன் பாடியிருக்க முடியாது, நாக்கு வறண்டிருக்கும்.

கடைசியில் சுற்று நெருக்கமாக விழுந்தது. நுனியை உள்ளே மடித்து, தடவிப் பார்த்தான். முறுக்கில்லை. யாருடைய வேலை என்று கேட்டால் யுஸ்ரியின் வேலை என்றுதான் அந்தத் தெருவே சொல்லும்.

சாவியைப் பலகையில் மாட்டி, கதவை இறக்கிப் பூட்டி, சாலையைக் கடந்தான். மாற்றுச் சாவி ஆணியில் ஏறியது. நாற்காலியைச் சாலைப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

டீச்சர் குடையோடு ஓடி வந்து காரை எடுத்தார். மழை சட்டியைக் கவிழ்த்தது போலக் கொட்டியது. முனையில் திரும்பும்போது உள்ளே மஞ்சளாக ஒரு பொட்டு மின்னியதும், அவருடைய இரண்டு கையும் ஸ்டீயரிங்குக்கு உயர்ந்ததும் நீர்த்திரை வழியே மங்கலாகத் தெரிந்தன.

கொஞ்சம் கழித்து யுஸ்ரி, பிளாஸ்டிக் பையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வந்தான். தன் கடைக்கு முன்னால் நின்று திரும்பினான்.

“அண்ணே! கடைக்கு யாரும் வந்தாங்களா?”

“டீச்சர் வந்து காடிய எடுத்துட்டுப் போனாங்க.”

“வேற?”

“வேற ஒருத்தரும் வரல.”

பதில் வந்ததே என்று யுஸ்ரி மழையிலேயே ஒரு கணம் நின்றான். பிறகு சிரித்துவிட்டு, கதவைத் தூக்கி உள்ளே போனான். கணினி வெளிச்சம் அவன் முகத்தில் விழுவதற்குள் சவரிநாதன் எழுந்து, வீட்டுக்குப் போகும் படிக்கட்டுப் பக்கம் நகர்ந்தான். மேலே, நேற்று யுஸ்ரி வீட்டிலிருந்து வந்த குவேயில் எறும்பு தொடாதது ஏதாவது மிச்சம் இருக்கிறதா பார்க்க வேண்டும். மாலை சிலுவைப்பாதைக்கும் போக வேண்டும்.

இடக்கை விரல்களில் டேப்பின் பசை இன்னும் பிசுபிசுத்தது. அதைச் சட்டைப் பைக்குள் மறைத்துக்கொண்டு படி ஏறினான்.